ஐந்நூறு ரூபாய் டீயும் ஏரிக்குள் நின்ற முள்கரண்டியும்

போன இதழில் ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நாங்கள் ஏழு பேர் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரியின் கிழக்குக் கரையைச் சுற்றி வந்த கதை. என் அம்மா (வயது 72), மாமனார் (76), கணவர், பதினாலு வயது மகள், எட்டு வயது மகன், லோசான் நகரில் வேலை பார்க்கும் என் தம்பி, நான். லோசானிலிருந்து ரயிலில் வெவே, வெவேயிலிருந்து கப்பலில் ஷியோன் கோட்டை, அங்கிருந்து பஸ்ஸில் வில்நெவ், பிறகு மொன்ட்ரோ வழியாக வீடு. காலையில் கிளம்பி இரவு திரும்பிவிட்டோம். அந்த ஒரு பக்கத்துக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. அதனால் இந்த இதழில் மற்றக் கேள்விகளுக்கு விடுமுறை; ஏரிக் கேள்விகள் மட்டும்.

கேள்வி: ஒரு பிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பம் அந்த ஏரிப் பக்கம் போகலாமா? எதில் மிச்சம் பிடிக்கலாம்? (வாசகர், கும்பகோணம்)

தாராளமாகப் போகலாம். முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: அந்த ஊரில் எல்லாம் விலை அதிகம், ஏரிக்கு மட்டும் விலை கிடையாது. வெவேயிலிருந்து மொன்ட்ரோ, ஷியோன் வழியாக வில்நெவ் வரை கரையை ஒட்டியே நடைபாதை போகிறது. இரண்டு பக்கமும் பூச்செடிகள், நடுநடுவே உட்கார பெஞ்சுகள். ஆல்ப்ஸ் மலைக்கு எதிரே பனைக் குடும்பத்து மரங்களை மொன்ட்ரோவில் பார்க்கலாம். யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

காசு கரைவது போக்குவரத்தில்தான். பல நாள் தங்குகிறவர்கள் 'சுவிஸ் டிராவல் பாஸ்' வாங்கினால் ரயில், பஸ், ஏரிக் கப்பல் மூன்றும் அதிலேயே அடங்கிவிடும்; ஷியோன் கோட்டைக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது. அதை வாங்கும்போதே 'சுவிஸ் ஃபேமிலி கார்டு' வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தனிக் காசில்லை. ஆறு வயது முடிந்து பதினாறுக்கு உட்பட்ட பிள்ளைகள் அப்பா அம்மாவோடு இலவசமாக வரலாம். ஆறுக்குக் கீழே இருந்தால் டிக்கெட்டே வேண்டாம். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் அன்றைக்கு ஒரு காசு ஆகவில்லை. ஒரே ஒரு நாள்தான் சுற்றப் போகிறீர்கள் என்றால் 'சேவர் டே பாஸ்' இருக்கிறது. அதை எவ்வளவு முன்னதாக வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவு. வெவே, மொன்ட்ரோ பக்கம் ஓட்டலில் தங்கினால் 'ரிவியேரா கார்டு' கொடுப்பார்கள். உள்ளூர் பஸ் இலவசம். அவர்கள் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

அப்புறம் தண்ணீர். பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள். தெருவுக்குத் தெரு கல் தொட்டியில் நீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று பலகை வைத்திருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது. மற்றதெல்லாம் நல்ல தண்ணீர். கழிப்பறைக்கு ரயில் நிலையங்களில் காசு கேட்கிறார்கள். ரயிலுக்குள், கப்பலுக்குள், கோட்டைக்குள் காசில்லை. இந்தக் கணக்கை என் அம்மா வெவே நிலையத்தில் காசு போடும் கதவைப் பார்த்த நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "அடுத்தது கப்பல்தானே? நான் கப்பல்லயே போய்க்கறேன்" என்று திரும்பி நடந்தார்.

எதில் மிச்சம் பிடிக்கக்கூடாது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: கப்பலில். கரையோரமாக ரயில் ஓடுகிறதே, அதிலேயே எல்லாம் தெரிகிறதே என்று கப்பலை விட்டுவிடாதீர்கள். கரையிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். ஏரிக்குள்ளிருந்து பார்த்தால்தான் மலை தெரியும்.

கேள்வி: "ஐந்நூறு ரூபாய் டீயைச் சம்பந்திகள் இருவரும் பங்கிட்டுக் குடித்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் மாமியாரும் என் அம்மாவும் ஒரு கல்யாண வீட்டில் அரை மணி சேர்ந்து உட்கார்ந்தால் நான் விரதம் இருக்கத் தயார். முழுக் கதையையும் சொல்லுங்கள். (வாசகி, நாமக்கல்)

சொல்கிறேன். கிளம்பும் முன் என் தம்பி பெரியவர்கள் இருவர் கையிலும் ஆளுக்கு இருபது பிராங்க் கொடுத்தான். "உங்க இஷ்டத்துக்குச் செலவு பண்ணுங்க, எங்களைக் கேட்காதீங்க" என்றான். அம்மா அதை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்தார். மாமா சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

வெவே கரையில் ஒரு கடை. பெயர் வேண்டாம். மணி பத்து. மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து மணி டீ தவறியதே இல்லை. விலைப்பட்டியலை என் மகள் படித்தாள்: டீ ஐந்து பிராங்க். அம்மா வாய்க்குள் பெருக்கினார். "எனக்கு டீ வேண்டாம்ப்பா. காலையில குடிச்சதே நெஞ்சுல நிக்குது." உடனே மாமாவும், "எனக்கும் வேண்டாம்மா. டீயை நிறுத்தலாம்னு ரொம்ப நாளா யோசனை" என்றார். தம்பி எவ்வளவோ சொன்னான். இருவரும் அசையவில்லை. சரி, வெந்நீராவது ஃபிளாஸ்க்கில் வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டால், வெந்நீர் மூன்று பிராங்க் என்றார்கள். "வெறும் சுடுதண்ணியா!" என்று அம்மா எழுந்தேவிட்டார்.

கப்பல் துறையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமா போனார். பத்து நிமிடம் கழித்துக் காகிதக் கோப்பை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்தபடி, மெல்ல மெல்ல நடந்து வந்தார். அதே கடை, அதே ஐந்து பிராங்க். அம்மா முன்னால் வைத்தார். "சம்பந்தி, பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. ஆளுக்கு இருநூத்தம்பதுதான் ஆகுது."

அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஃபிளாஸ்க் மூடியை எடுத்தார். கோப்பையிலிருந்து மூடிக்கு, மூடியிலிருந்து கோப்பைக்கு, ஒரு முழ உயரத்திலிருந்து டீயை ஆற்றினார். பக்கத்து மேசையில் இருந்த பெண் தன் குழந்தையின் நாற்காலியைத் திருப்பி வைத்து அதைக் காட்டினாள். கரையில் காற்று பலமாக அடித்தும் ஒரு சொட்டு வெளியே விழவில்லை. மாமா முதல் வாய் குடித்துவிட்டு, "நிறுத்தற யோசனையை அடுத்த மாசம் வச்சுக்கலாம்" என்றார்.

அதோடு முடியவில்லை. வாங்கிக் குடித்த டீக்குப் பதில் செய்யாமல் என் அம்மாவால் இருக்க முடியாது. வெவேயில் செவ்வாயும் சனியும் காலையில் ஏரியை ஒட்டிய பெரிய சதுக்கத்தில் சந்தை கூடும். செர்ரிப் பழக் காலம். அம்மா நேராக ஒரு பழக்காரியிடம் போய்த் தமிழிலேயே கேட்டார், "இனிக்குமா?" அவள் பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னாள். அம்மா தலையாட்டிவிட்டு, "அப்ப அரைக் கிலோ போடு" என்றார். அவள் அரைக் கிலோ போட்டாள். அம்மா நோட்டை நீட்டினார், மீதியை எண்ணி வாங்கினார், "கொசுறு?" என்று உள்ளங்கையை விரித்தார். அந்தப் பெண் ஒரு கணம் பார்த்தாள். ஒரு கைப்பிடி அள்ளி என் மகன் கையில் வைத்தாள். இரண்டு பேரும் மாறி மாறி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிரெஞ்சு தெரிந்த என் தம்பி பக்கத்தில் சும்மா நின்றான். அவனுக்கு அங்கே வேலையே இல்லை.

பழத்தைக் கழுவி, பெரிய பழமாகப் பொறுக்கி, அம்மா மாமாவிடம் கொடுத்தார். நாமக்கல் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். சம்பந்திகளை ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். ஒரே ஊருக்கு அழைத்துப் போங்கள். கையில் கொஞ்சம் சொந்தப் பணமும் கொடுங்கள். உபசரிப்பதற்கு ஏதாவது கையில் இருந்தால் அவர்கள் நன்றாகவே பழகிக்கொள்கிறார்கள்.

கேள்வி: அத்தனை லட்சம் செலவழித்துப் போய் ஏரிக்கரையில் புளியோதரை சாப்பிடுவதா? அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டால்தானே அந்த ஊரைப் பார்த்ததாக அர்த்தம்? (வாசகர், கோயம்புத்தூர்)

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பகல் ஒரு மணிக்கு, கடும் பசியில், எட்டு வயதுப் பையனையும் சர்க்கரை நோய் உள்ள பெரியவரையும் வைத்துக்கொண்டு ஏழு பேருக்கு மேசை தேடுவது வேறு விஷயம். புளியோதரை முதல்நாள் இரவு தம்பி வீட்டு அடுப்பில் கிளறியது. ஷியோன் கோட்டைக்குப் பக்கத்தில், ஏரியைப் பார்த்த புல்தரையில் அமர்ந்து சாப்பிட்டோம். குப்பையை ஒன்று விடாமல் பையில் போட்டுக்கொண்டோம். அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்கு ஒரு அன்னம் கரையேறி வந்து மாமாவின் செருப்பை மோப்பம் பிடித்தது. அவர் எழுந்து நின்று அதற்கு வழிவிட்டார். அன்னத்துக்குத் தீனி போடாதீர்கள், அதற்கு நம் சாப்பாடு கேடு.

உள்ளூர்ச் சாப்பாட்டையும் விடவில்லை. ரொட்டியும் க்ருயேர் பாலாடைக்கட்டியும் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கி மாலையில் சாப்பிட்டோம். சுத்த சைவர்கள் கவனிக்க: க்ருயேர் போன்ற பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவர் தொடவில்லை. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஏரியின் பேர் பெற்ற உணவு 'பெர்ச்' மீன் வறுவல். என் கணவரும் தம்பியும் சாப்பிட்டார்கள். சேவைக் கட்டணம் 1974லிருந்தே விலையோடு சேர்ந்துதான் வருகிறது. அதனால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. நெய், பால்கோவா, இறைச்சி எதையும் இந்தியாவிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். பால் பொருளும் இறைச்சியும் சுவிஸ் சுங்கத்தில் தடை.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி. கோட்டையில் படி ஏற முடியுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

எல்லாப் படியும் வேண்டாம் அம்மா. ஷியோன் ஏரிக்குள் ஒரு பாறைமேல் நிற்கும் கோட்டை. கரையிலிருந்து சின்னப் பாலம். உள்ளே முற்றங்கள் இருக்கின்றன. கல் பாவிய தரை, மேடுபள்ளம் உண்டு, ஊன்றுகோல் இருந்தால் நல்லது. கோபுரத்துப் படிகள் செங்குத்து. என் அம்மா ஏறவில்லை. முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு மேலே போனவர்களின் பைகளுக்கெல்லாம் காவல் இருந்தார். கடைசியில் பார்த்தால் அதில் இரண்டு பை எங்களுடையதே இல்லை. ஒரு ஜப்பானியத் தம்பதி, அவர் முகத்தைப் பார்த்து நம்பி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நிலவறைக்கு மட்டும் மெதுவாகப் போய்ப் பார்த்துவிடுங்கள். தேவாலயக் கூடம் போல வளைவுகள் உள்ள அந்த அறையில்தான் பொனிவார் என்ற துறவியை சவோய் பிரபு 1530 முதல் 1536 வரை சிறை வைத்திருந்தார். அந்த ஆறு வருடத்தில் கடைசி நான்கு வருடம் தூணோடு சங்கிலி. பெர்ன் நகரத்துப் படை வந்து விடுவித்தது. 1816ல் வந்த ஆங்கிலக் கவி பைரனின் பெயர் ஒரு தூணில் செதுக்கியிருக்கிறது. நான் இதையெல்லாம் மெல்லிய குரலில் சொல்லி முடித்தேன். என் மகன் சன்னல் வழியே தெரிந்த ஏரியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "நாலு வருஷம் இவ்ளோ தண்ணி பக்கத்துலயே இருந்தும் குளிக்க விடலையாம்மா?" பொனிவாரின் துன்பத்தை அதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

கேள்வி: உங்கள் மாமனார் கப்பலில் மலையையே பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, ஏன்? (ரயில்வே ஊழியர், பொன்மலை)

உங்களுக்குச் சொன்னால் உடனே புரியும். நாங்கள் ஏறியது 1910ல் கட்டிய 'லா சுவிஸ்' என்ற துடுப்புச் சக்கரக் கப்பல். 78 மீட்டர் நீளம். நீராவி எஞ்சின் இன்றும் ஓடுகிறது. அதை மூடி மறைக்காமல், கப்பலின் நடுவில், பயணிகள் எட்டிப் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கிறார்கள். பளபளவென்று துடைத்த எஃகுத் தண்டுகள் மேலும் கீழும் போய் வருவதும், பித்தளைக் குழாய்களும், சூடான எண்ணெய் வாசனையும்... மாமா கம்பியைப் பிடித்தவர் பிடித்தவர்தான்.

வெளியே லாவோ திராட்சைத் தோட்டங்கள் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன. மலைச்சரிவு முழுக்கக் கல் சுவர் கட்டி, படிப்படியாகச் செய்த தோட்டங்கள். துறவிகள் தொடங்கிவைத்த வேலை, எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 2007ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தக் கொடிகளுக்கு மூன்று சூரியன் என்கிறார்கள்: வானத்துச் சூரியன், ஏரி நீரில் பட்டு எதிரொளிப்பது, இரவில் கல் சுவர் வெளியே விடும் பகல் சூடு. நான் ஓடிப்போய், "மாமா, மூணு சூரியன், வந்து பாருங்க" என்றேன். "இரும்மா, இதுவும் சுவிட்சர்லாந்துதான்" என்றார்.

எஞ்சினில் இருந்த பலகையைப் படித்திருக்கிறார். சுல்சர் கம்பெனி, வின்டர்தூர். மாமா மேட்டுப்பாளையத்தில் சில வருடம் வேலை பார்த்தவர். நீலகிரி மலை ரயிலின் பழைய பல்சக்கர நீராவி எஞ்சின்களும் அதே வின்டர்தூர் ஊரில் செய்து வந்தவை. கம்பெனி வேறு, ஊர் ஒன்று. "அத்தனை வருஷமும் அந்த ஊர் பேரை எஞ்சின் உடம்புல படிச்சிருக்கேன். மனுஷங்க இருக்கற ஊருன்னு இன்னைக்குத்தான் தோணுது" என்றார். எண்ணெய்க் குப்பியோடு சுற்றிவந்த இளம் எஞ்சின்காரரிடம் தன் கைப்பேசியில் இருந்த குன்னூர் ரயில் படத்தைக் காட்டினார். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மாமாவின் கையைப் பற்றிக் குலுக்கினார். மாமாவின் உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெய்க் கறை. மதியம் சாப்பிடும்வரை அவர் கை கழுவவில்லை.

கேள்வி: மகாத்மா காந்தி அந்த ஏரிக்கரையில் தங்கினார் என்பது உண்மையா? (கல்லூரி மாணவர், மதுரை)

உண்மை. 1931ல் லண்டனில் இரண்டாம் வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில், டிசம்பரில், ஏரியின் கிழக்கு முனையில் இருக்கும் வில்நெவ் ஊருக்கு வந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலந்து அங்கே வசித்தார். காந்தியைப் பற்றி ஐரோப்பாவுக்கு 1920களிலேயே எடுத்துச் சொன்னவர் அவர். பின்னாளில் காந்தியின் சீடர் மீராபென் ஆன மெடலின் ஸ்லேட் காந்தியைப் பற்றி அறிந்ததும் ரோலந்து மூலமாகத்தான். காந்தி அங்கே ஐந்து நாள் தங்கினார். லோசானிலும் ஜெனீவாவிலும் கூட்டங்களில் பேசினார். கடைசி மாலை காந்தி கேட்டுக்கொண்டதால் ரோலந்து பியானோவில் பீத்தோவன் வாசித்தார்.

நேரு குடும்பத்துக்கும் இந்தக் கரை பழக்கம். 1926ல் கமலா நேருவின் சிகிச்சைக்காக ஜெனீவாவில் வந்து தங்கினார்கள். பத்து வருடம் கழித்து, 1936 பிப்ரவரி 28 அன்று, லோசானில்தான் கமலா காலமானார்.

நாங்கள் வில்நெவ் போனது ஏறக்குறைய தற்செயல். கோட்டை வாசலில் 201ஆம் எண் பஸ் வந்தது, அதன் கடைசி நிறுத்தம் வில்நெவ்தான். ரோலந்தின் வீட்டைத் தேடி அலைய எங்களுக்கு நேரமில்லை. கரையில் நின்றோம். மாமாவின் அப்பா கடைசிவரை கதர் மட்டுமே கட்டியவர். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் விரலில் படும் அளவுக்கு நின்று, எதிர் மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரும் பேசவில்லை. என் மகன்கூட.

அப்போதுதான் கரையில் ஒரு கம்பத்தின் மேல் ஆரஞ்சு விளக்கு மின்ன ஆரம்பித்தது. அந்த நாட்டு ஏரிகளில் காற்று எச்சரிக்கை அப்படி. நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் ஜாக்கிரதை. 90 தடவை என்றால் புயல் வருகிறது, படகுகள் உடனே கரைக்கு வர வேண்டும். தம்பி விளக்கியதும் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நாற்பது. கால் மணி கழித்து மறுபடி எண்ணினார். பாதியிலேயே நிறுத்திவிட்டு, பழைய கார்டு குரலில், "எல்லாரும் ஏறுங்க!" என்றார். ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறினோம். கதவு மூடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஜூன், ஜூலை பிற்பகலில் இப்படி இடி மழை வரும். கப்பல் பயணத்தைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாக்லேட் எங்கே வாங்கினால் மலிவு? (வாசகி, சென்னை)

சூப்பர்மார்க்கெட்டில். விமான நிலையத்தில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், ரயில் நிலையக் கடைகள்தான் திறந்திருக்கும்; அதனால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பால் சாக்லேட் பிறந்ததே அந்த வெவே ஊரில்தான். மெழுகுவத்தி வியாபாரம் பார்த்த டேனியல் பேட்டர், சாக்லேட் குடும்பத்தில் பெண் எடுத்தவர். பாலில் இருக்கும் தண்ணீர் சாக்லேட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. பல வருடம் போராடி 1875ல் வழி கண்டார். இதைக் கேட்ட என் மகள் சொன்னாள்: "மாமனார் வீட்டுக்கு நல்லது பண்ணணும்னு நினைச்ச மருமகன்தான் உலகத்துக்கே சாக்லேட் கொடுத்திருக்கார். அப்பா, கேட்டுக்கோங்க."

கேள்வி: உங்கள் கணவர் அன்றைக்கு என்ன செய்தார்? கதையிலேயே காணோம். (வாசகர், ஈரோடு)

இரண்டு பையும் அவர் தோளில்தான். படங்கள் எல்லாம் அவர் எடுத்தவை. பிள்ளைகளை எண்ணியதும் அவரே. அந்த நாள் அத்தனை சுகமாகப் போனதற்கு அவர்தான் காரணம்.

கேள்வி: சார்லி சாப்ளின் சிலைக்கு உங்கள் அம்மா முகம் துடைத்தாராமே? சாப்ளினுக்கும் அந்த ஊருக்கும் என்ன தொடர்பு? (வாசகர், பாளையங்கோட்டை)

1952ல் சாப்ளின் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கிளம்பியதும், திரும்பி வரும் அனுமதியை அந்த நாடு ரத்து செய்துவிட்டது. மறு வருடம் குடும்பத்தோடு வெவேக்கு மேலே கோர்சியே என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டில் குடியேறினார். 1977 கிறிஸ்துமஸ் அன்று காலமாகும்வரை அங்கேதான். அந்த வீடு 2016லிருந்து அருங்காட்சியகம். ஏரிக்கரையில் ஆள் உயரத்துக்கு அவருடைய வெண்கலச் சிலை, தொப்பியும் கைத்தடியுமாக நிற்கிறது.

அம்மாவுக்கு அவரை நன்றாகத் தெரியும்; சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னோம். தோளில் பறவை எச்சம் காய்ந்திருந்தது. அம்மா தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து முந்தானை நுனியை நனைத்து, தோளையும் கன்னத்தையும் துடைத்துவிட்டார். "படம் பூரா அடி வாங்கின புள்ள. இங்கயாவது சுத்தமா நிக்கட்டும்." பின்னால் படம் எடுக்கக் காத்திருந்தவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

கேள்வி: ஏரிக்குள்ள பெரிய முள்கரண்டி நிக்குதுன்னு போட்டோல பார்த்தேன். அது யாரோடது? (மூன்றாம் வகுப்பு மாணவி, சேலம்)

செல்லமே, அது எட்டு மீட்டர் உயரம். உங்கள் பள்ளிக்கூட மாடியை விடப் பெரிதாக இருக்கும். வெவேயில் உணவைப் பற்றியே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, பெயர் அலிமெந்தாரியம். அதற்குப் பத்து வயது ஆனபோது, 1995ல், அதன் எதிரே தண்ணீரில் இந்தக் கரண்டியை நட்டார்கள். நடுவில் சில வருடம் எடுத்துவிட்டு, பிறகு மறுபடி கொண்டுவந்து நட்டுவிட்டார்கள்.

ஆனால் என் வீட்டில் யாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா சொன்னது: "இந்த ஊர் ஓட்டல் விலையைப் பார்த்துட்டு யாரோ ஒரு ராட்சசன் சாப்பிடாமலே கரண்டியைக் குத்திட்டுப் போயிட்டான்." என் மகன் சொன்னது: அவன் நூடுல்ஸ் சாப்பிட்டான், கழுவுவதற்காகத் தண்ணீரில் போட்டிருக்கிறான், திரும்பி வருவான். மாமா வெகு நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஸ்பூன் எங்கடா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். கப்பலில், கோட்டைச் சன்னலில், வில்நெவ் கரையில், மொன்ட்ரோ மழையில் எங்கும் என் மகன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான். இரவு ரயிலில் என் மடியில் தலை வைத்து, கண் பாதி மூடிய நேரத்தில், எதிர்க்கரையில் மினுங்கிய விளக்குகளைக் காட்டிக் கேட்டான், "அது எந்த ஊரும்மா?" பிரான்ஸ் என்றேன். "அப்ப ஸ்பூன் அங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.